பனியன் கம்பெனியில் மனுசரை மனுசராக நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் நின்று வேலையைத் தொடங்கியவள் நான். பிறகு லைன் சூப்பர்வைசர். இப்போது அறுபது பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கிற பொறுப்பில் இருக்கிறேன். சின்ன யூனிட் நடத்துகிறவர்களும் புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களும், சில சமயம் டைலர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்த இடம் பனியன் கம்பெனி, அதனால் அதை வைத்தே பேசுகிறேன். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று உங்கள் இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கனிவான வேலையிடம் என்றால் என்ன? எல்லோரிடமும் சிரித்துப் பேசினால் போதாதா?

போதாது. நான் முதலில் சேர்ந்த கம்பெனியின் முதலாளி தங்கமான மனிதர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். தீபாவளிக்கு ஒவ்வொருவர் கையிலும் இனிப்புப் பெட்டியை அவரே கொடுப்பார். அதே கம்பெனியில்தான் பாத்ரூம் போக ஒரு டோக்கன் இருந்தது. கட்டைவிரல் அகலத்தில் ஒரு மரச்சில்லு, சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். எங்கள் லைனில் முப்பது பேர், சில்லு ஒன்று. அது ஆணியில் இருந்தால்தான் எழுந்து போகலாம். போனவர் திரும்பி வருவதற்குள் இன்னும் இரண்டு பேர் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருப்போம். அத்தனை ஆண்கள் முன்னால் போய் அதை எடுக்கவே கூச்சமாக இருக்கும். அதற்கு நாங்களாகக் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டம்ளர், மதியச் சோற்றோடு அரை டம்ளர், அவ்வளவுதான். இரண்டாம் வருடம் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. சிறுநீர்ப் பாதையில் கிருமி என்று ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பக்கத்து டேபிளில் நின்ற அக்காவுக்கும் அதே தொந்தரவு.

அந்தச் சில்லு இருப்பதே முதலாளிக்குத் தெரியாது என்றுதான் இன்றும் நம்புகிறேன். அவருடைய நல்ல மனசு ஆபீஸ் அறை வரைக்கும் இருந்தது, லைனுக்குள் வந்து சேரவில்லை. கனிவு என்று நான் சொல்வது முதலாளியின் குணத்தைப் பற்றியே இல்லை. அவர் ஊரில் இல்லாத நாளிலும் நடக்கிற ஏற்பாட்டைப் பற்றி. உங்கள் கம்பெனியில் எந்த ஆணியில் என்ன தொங்குகிறது என்று ஒருநாள் நடந்து பாருங்கள்.

கையில் பெரிய பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

உடம்பிலிருந்து தொடங்குங்கள். உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், அனுமதி கேட்காமல் போய்வரக்கூடிய சுத்தமான பாத்ரூம். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உட்காருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பலரும் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். டைலருக்கு மிஷினோடு ஸ்டூல் உண்டு. செக்கிங், பேக்கிங், அயர்னிங், அடுக்கிக் கட்டுகிறவர்கள் ஷிப்ட் முழுக்க நிற்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் காலை எட்டரைக்கு நின்றவர் இரவு எட்டரைக்குத்தான் காலை நீட்டுவார். நின்றே வேலை செய்கிறவருக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவே சொல்லியிருந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த உரிமை வர அதன் பிறகு எழுபது வருடம் ஆனது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் முதலில் பாத்ரூமுக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் போராடினார்கள். முன்னின்று நடத்தியவர் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண். அவர்கள் தொடங்கிய அமைப்பின் பெயர் பெண்கூட்டு. கேரளத்தில் 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை கட்டாயம் என்று சேர்த்தார்கள்.

நாங்கள் ஸ்டூல் போட்டபோது ஒரு தவறு செய்தோம். செக்கிங் டேபிள் நிற்கிறவர்களின் உயரத்துக்குப் போட்டது. அதற்குச் சாதாரண பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போட்டோம். உட்கார்ந்தால் மேசை நெஞ்சுக்கு வந்தது, துணி விரித்துப் பார்க்க முடியவில்லை. யாரும் உட்காரவில்லை. “சேர் போட்டாச்சு, அவங்களுக்கே வேண்டாமாம்” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் கழித்து ஒரு செக்கிங் அக்காவையே வெல்டிங் பட்டறைக்குக் கூட்டிப்போய், அவரை உட்காரவைத்து உயரம் பார்த்து, கால் வைக்க ஒரு குறுக்குக் கம்பியும் சேர்த்து ஸ்டூல் அடித்தோம். அன்றிலிருந்து ஒரு ஸ்டூலும் காலியாக இருந்ததில்லை. “உட்கார்ந்தா தூங்கிடுவாங்க” என்ற பயம் இருந்தது, யாரும் தூங்கவில்லை. எதை மாற்றினாலும் அதைப் பயன்படுத்தப் போகிறவரைக் கூடவே வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

ஷிப்மென்ட் நேரத்தில் சத்தம் போடாமல் வேலை நடக்குமா?

நடக்கும். சத்தம் போட்டதால்தான் எங்கள் ஷிப்மென்ட் ஒன்று கெட்டது. அதை நானே செய்தேன், அதனால் உறுதியாகச் சொல்ல முடியும்.

நான் புதிதாக சூப்பர்வைசர் ஆன சமயம். டி-சர்ட் ஆர்டர், மறுநாள் காலை லாரி ஏற்றவேண்டும். சாயங்காலம் பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் அட்டைப்பெட்டியைப் பிரித்தால், ‘எல்’ சைஸ் உடம்பில் ‘எம்’ சைஸ் லேபிள். ஒன்று, இரண்டு என்று எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது. கிட்டத்தட்ட அறுநூறு பீஸ். இரவு முழுக்க உட்கார்ந்து பாலிபேக்கைக் கிழித்து, லேபிளைப் பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி அயர்ன் போட்டோம். விடியற்காலை மூன்று மணிக்கு டீ குடிக்கும்போது, லைனில் ஹெல்பராக இருந்த ஒரு சின்னப் பெண் என் பக்கத்தில் நின்றாள். அவளாகத்தான் சொன்னாள்.

“நான் காலைலயே பார்த்தேனுங்க்கா.”

“எப்போ?”

“டீக்கு முன்னாடியேங்க. பண்டல்ல சைஸ் ஸ்டிக்கர் ஒண்ணு இருந்துச்சு, லேபிள் வேற இருந்துச்சு.”

“ஏம்மா சொல்லலை?”

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நேத்து நூல் கலர் மாறியிருக்குன்னு சொன்னனுங்க. உன் வேலையைப் பாருன்னு சொன்னீங்க.”

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை. அவளுக்கு இருந்தது. காலை பதினோரு மணிக்கு இருபது பீசில் நின்றிருக்க வேண்டியதை அறுநூறு ஆக்கியது என்னுடைய அந்த மூன்று வார்த்தைதான்.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் ஏமி எட்மன்ட்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரைப் பற்றிச் சொன்னார்கள். தொண்ணூறுகளில் அவர் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து மாறிக் கொடுக்கிற தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நன்றாக நடக்கிற வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் தவறு அதிகமாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தபோது, அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் தவறை வெளியே சொன்னார்கள் என்பது தெரிந்தது. மற்ற வார்டுகளில் மூடி மறைத்திருக்கிறார்கள். அந்த வகுப்பில் எனக்கு அந்த ஹெல்பர் பெண்ணின் முகம்தான் வந்தது. உங்கள் லைனில் டேமேஜ் கணக்கு எப்போதும் சுத்தமாக இருந்தால் ஒருமுறை மிஷினுக்கு அடியிலும் கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள்ளும் பாருங்கள்.

அப்படியானால் தப்பு செய்கிறவரை ஒன்றுமே சொல்லக்கூடாதா?

சொல்லவேண்டும், அன்றைக்கே சொல்லவேண்டும். லைன் நடுவில் நின்று பீசைத் தூக்கிக் காட்டிச் சொல்லாதீர்கள். ஓரமாகக் கூப்பிட்டு, முதல் கேள்வியாக “என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். “யார் பண்ணது?” என்று தொடங்கினால் அடுத்து வருவதெல்லாம் தப்பித்துக்கொள்கிற பேச்சாகவே இருக்கும். என் அனுபவத்தில் தையல் விட்டுப்போவதற்குப் பாதி நேரம் மழுங்கிய ஊசியோ, நூல் இறுக்கமோ, தலைக்கு மேல் எரியாத டியூப்லைட்டோதான் காரணம். மிச்சப் பாதிக்குப் பயிற்சி வேண்டும். வேண்டுமென்றே கெடுக்கிறவர் எப்போதாவது ஒருவர் இருக்கலாம்; அவருக்காக மற்ற எல்லோரையும் சந்தேகப்படும்படி விதி எழுதாதீர்கள்.

தொழிலாளி சொல்வதையெல்லாம் கேட்டால் லைன் நின்றுபோகாதா?

சில சமயம் நிற்கும். நிற்கட்டும். ஜப்பானில் டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் லைன் ஓரமாக ஒரு கயிறோ பொத்தானோ உண்டு. வேலையில் கோளாறு தெரிந்தால் சாதாரணத் தொழிலாளியே அதை இழுக்கலாம், அழுத்தலாம்; தேவைப்பட்டால் லைன் நிற்கும். யாரும் அவரைக் கோபித்துக்கொள்வதில்லை, உதவிக்குத்தான் வருவார்கள். அந்தக் கம்பெனி அதனால் நொடித்துப்போகவில்லை.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் தொழிலிலேயே ஒரு நாள் இருக்கிறது. 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தில், டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர் என்ற ஊரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடைக் கம்பெனிகளின் தொழிலாளர்கள் மறுநாள் காலை உள்ளே போகத் தயங்கி வெளியே நின்றார்கள். ஆர்டர் முடியவேண்டும் என்று அவர்களை உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது நாம் தைக்கிற மாதிரியான துணிதான். லேபிள் மாறியதைச் சொல்லப் பயப்படுகிற இடத்தில் சுவர் விரிந்ததைச் சொல்லவும் பயப்படுவார்கள். எனக்கு இரண்டும் ஒரே பயமாகத்தான் தெரிகிறது.

சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசுகிறார். ஆனால் புரொடக்‌ஷன் கொடுக்கிறார். என்ன செய்ய?

முதலில் அவர் மேல் யார் கத்துகிறார்கள் என்று பாருங்கள். நம் ஊரில் சூப்பர்வைசர் ஆகிறவர் பெரும்பாலும் நல்ல டைலராக இருந்தவர். மிஷினை ஓட்டத் தெரியும், மனிதரை எப்படி நடத்துவது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை. ஒரு மணிநேரத்துக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிவிட்டு, குறைந்தால் மேனேஜர் அவரை லைன் முன்னாலேயே கிழிக்கிறார். வாங்கியதை அவர் கீழே கொடுக்கிறார். அதனால் முதலாளிக்கு முதல் வேலை, சூப்பர்வைசரைத் தொழிலாளிகள் முன்னால் திட்டுவதை நிறுத்துவது. இரண்டாவது வேலை, அந்த டார்கெட் எப்படி வந்தது என்று பார்ப்பது. புது ஸ்டைல் ஏற்றிய முதல் நாளே முழு டார்கெட் போட்டால் யாருக்கும் நிதானம் இருக்காது.

இவ்வளவும் செய்து, இரண்டு முறை உட்காரவைத்துப் பேசிய பிறகும் அவர் பெண்களைக் கேவலமாகப் பேசினால் அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். “புரொடக்‌ஷன் கொடுக்கிறார்” என்று அவரை வைத்துக்கொள்வதை லைனில் இருக்கும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் மானத்துக்கு நீங்கள் என்ன விலை போட்டிருக்கிறீர்கள் என்று அதிலிருந்துதான் புரிந்துகொள்கிறார்கள்.

ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது? இதிலெல்லாம் விதி வேண்டுமா?

விதி வேண்டாம், கவனம் வேண்டும். எங்கள் பக்கம் அண்ணா, அக்கா, அம்மிணி, கண்ணு என்று அழகான சொற்கள் இருக்கின்றன. லைனுக்குள் நுழைந்ததும் அதெல்லாம் “ஏய்”, “இந்தா”, “ஓவர்லாக்கு” என்று ஆகிவிடுகிறது. மிஷின் பெயரைச் சொல்லி ஆளைக் கூப்பிடுவது எனக்குப் பொறுக்காது.

வடமாநிலத் தம்பிகளை ‘பையா’ என்கிறார்கள். இந்தியில் பையா என்றால் அண்ணன். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த சொல்லாக ‘வாடா’ என்கிறோம். பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள் இன்று நம் லைன்களில் நிறையப் பேர். அவர்களுடைய பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். ஊரைக் கேளுங்கள். இந்தி பேசுகிற எல்லோரும் ஒரே ஊர் இல்லை. ஒடியா பேசுகிறவருக்கு இந்தியும் இரண்டாவது மொழிதான். கூலி ரசீதையும் தீ விபத்து வழியையும் அவர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதி ஒட்டுங்கள். சோற்று நேரத்தில் அவர்கள் ஒரு மூலை, நாம் ஒரு மூலை என்று உட்காருவது தானாக மாறாது. எங்களிடம், டைலருக்கு உதவியாகத் துணி மடித்துக் கொடுக்கிற ஒரு கைமடி அக்கா தினமும் ஒரு கரண்டி ரசத்தை ஒரு ஒடிசாப் பையனின் டப்பாவில் ஊற்றத் தொடங்கினார். இப்போது ரசம் இல்லாத நாளில் அவன் “அக்கா, ரசம்?” என்று கேட்கிறான்.

‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்கிறோமே, அது நல்லதுதானே?

நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். குடும்பத்தில் யாரும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்குக் கேட்பதில்லை. ‘குடும்பம்’ என்று சொல்லுமிடத்தில் தொழிலாளிக்குக் கூலியைக் கேட்கவும் லீவு கேட்கவும் வாய் வராது. சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கையில் வரட்டும். பீஸ் ரேட் வேலை தொடங்கும் முன்பே போர்டில் இருக்கட்டும், பாதியில் மாறவேண்டாம். ஈ.எஸ்.ஐ., பி.எப். பிடித்தால் ஒழுங்காகக் கட்டுங்கள். போனசை யாரும் கெஞ்சிக் கேட்கும்படி வைக்காதீர்கள். அது சட்டப்படி வரவேண்டிய பணம், குறைந்தபட்சம் 8.33 சதவீதம். கணக்கு சுத்தமாக இருக்கிற இடத்தில் பாசம் தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

பாலியல் தொந்தரவுக் கமிட்டி ஆடிட்டுக்காகப் பேப்பரில் இருக்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பது எப்படி?

உங்கள் கம்பெனியில் இருக்கிற ஒரு ஹெல்பரிடம் போய், “கமிட்டியில் யார் யார் இருக்காங்க?” என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கமிட்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2013-ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற எல்லா இடத்திலும் உள்ளகக் குழு இருக்கவேண்டும். தலைவர் மூத்த பொறுப்பில் உள்ள பெண். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். ஒருவர் வெளியாள், அதாவது தொண்டு நிறுவனத்திலிருந்தோ இந்த விஷயம் தெரிந்தவராகவோ. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுதிக் கொடுக்கலாம். நியாயமான காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடியவேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவவேண்டியது குழுவின் கடமை. இதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை.

புகார் கொடுத்த பெண்ணை “பாதுகாப்புக்காக” வேறு யூனிட்டுக்கு மாற்றுவது எங்கும் நடக்கிறது. அதைப் பார்க்கிற அடுத்த பெண் வாயைத் திறக்கமாட்டாள். இடம் மாற்றவேண்டும் என்றால் புகாருக்கு ஆளானவரை மாற்றுங்கள். அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும் அவளை மாற்றுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்த இளம் பெண் தொழிலாளி ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட துயரத்துக்குப் பிறகு, பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. துணி வாங்குகிற எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் அதில் கையெழுத்திட்டன. தொழிலாளிகளிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, லைனில் நடப்பதைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பைத் தந்தார்கள். சின்ன யூனிட்டுக்கும் இது முடியும். ஒவ்வொரு லைனிலும் பெண்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு அக்கா இருந்தால், கமிட்டிக்கு வருமுன்பே பாதி விஷயம் அவர் காதுக்கு வந்துவிடும். அவரை மேனேஜர் தேர்ந்தெடுக்கக்கூடாது.

புகார்ப் பெட்டி வைத்திருக்கிறோம். ஒரு சீட்டுகூட விழவில்லை.

பெட்டி எங்கே இருக்கிறது? மேனேஜர் அறை வாசலில், கேமராவுக்குக் கீழேதான் பெரும்பாலும் இருக்கும். பெண்கள் பாத்ரூம் பக்கம் மாற்றிவையுங்கள். சாவி முதலாளி ஆளிடம் இல்லாமல் தொழிலாளி ஒருவரிடம் இருக்கட்டும். முதல் சீட்டு மின்விசிறி ஓடவில்லை என்றுதான் வரும். அதை மறுநாளே சரிசெய்யுங்கள். பெரிய சீட்டு அதற்குப் பிறகுதான் விழும்.

கர்ப்பமான பெண்கள், கைக்குழந்தைக்காரர்கள் விஷயத்தில் என்ன செய்யவேண்டும்?

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு, 2017 முதல். ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறவருக்கு அந்தப் பணத்தை ஈ.எஸ்.ஐ.யே கொடுக்கிறது. முதலாளி கையிலிருந்து போவதில்லை. இது தெரியாமலேயே பல பெண்களை வயிறு தெரிந்ததும் வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ஆடிட்டுக்கு மட்டும் தொட்டிலும் பொம்மையும் வைக்கிற அறைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். உண்மையான ஆயா ஒருவரைப் போடுங்கள். குழந்தை அழுதால் தாயைக் கூப்பிட அவருக்கு உரிமை கொடுங்கள்.

ஒருவர் மனசு சரியில்லாமல் இருப்பது தெரிகிறது. எப்படிப் பேசுவது?

எங்களிடம் மணிக்கணக்கு தவறாமல் பீஸ் கொடுக்கிற ஒரு டைலர் அண்ணன் ஒரு வாரமாகத் தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். டீ நேரத்தில் எழுந்து போகவும் இல்லை. நான் டீயை வாங்கிக்கொண்டு போய் அவர் மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். “அண்ணா, ஒரு வாரமா டீக்கு வரலையே” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தார். பிறகு மகள் படிப்புக்கு வாங்கிய கடனைப் பற்றிச் சொன்னார், வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து உட்காருவதைச் சொன்னார். நான் ஆலோசனை ஒன்றும் சொல்லவில்லை. டீ ஆறிப்போனது. அடுத்த நாளும் போய் உட்கார்ந்தேன்.

பார்த்ததைச் சொல்லுங்கள், நீங்களாக ஒரு காரணத்தை ஊகித்துச் சொல்லாதீர்கள். “எல்லாம் சரியாயிடும்” என்று அவசரப்பட்டு மூடாதீர்கள். அவர் சொன்னதை யாரிடமும் சொல்லாதீர்கள், முதலாளியிடமும்கூட. உயிரை விட்டுவிடலாம் போல இருக்கிறது என்ற மாதிரி ஒரு பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். இந்த எண்களை டைம் கார்டு மிஷினுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒட்டுங்கள்.

நான் முதலாளியும் இல்லை, சூப்பர்வைசரும் இல்லை. ஒரு சாதாரண டைலர். என்னால் என்ன முடியும்?

புதிதாக வந்தவருக்கு முதல் நாள் பாத்ரூம் எங்கே, தண்ணீர் எங்கே, சோறு எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று காட்டுவது உங்களால் முடியும். எனக்கு முதல் நாள் அதைக் காட்டிய அக்காவின் சேலை நிறம்கூட இன்னும் நினைவிருக்கிறது. யாராவது திட்டு வாங்கினால், பிறகு அவர் பக்கம் திரும்பி “விடு, சேர்ந்து பிரிச்சுடலாம்” என்று சொல்லமுடியும். இல்லாதவரைப் பற்றிப் பேசும்போது எழுந்து போய்விட முடியும். ஆனால் கூலியும் உட்காரும் இடமும் தனியாளாகக் கேட்டு வருவது கஷ்டம். நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். சங்கம் இருந்தால் அதன் மூலம் கேளுங்கள். நல்ல இடத்துக்கு அதில் பயம் ஒன்றும் இருக்காது.

மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வித்தாள் கொடுத்தால் எல்லோரும் ‘நன்று’ என்றுதான் எழுதுவார்கள். நான் பார்ப்பது வேறு. முதலாளி லைனுக்குள் வரும்போது பேச்சு நின்றுபோகிறதா, தொடர்கிறதா? பீசில் ஓட்டை விழுந்தால் எத்தனை நிமிடத்தில் சூப்பர்வைசர் கைக்கு வருகிறது? வெளியே போன டைலர் தன் தங்கையை இங்கே சேர்த்துவிடக் கூட்டிவருகிறாரா?

எல்லாவற்றுக்கும் மேல் பொங்கல். திருப்பூரில் வேலை செய்கிறவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனால், பிடிக்காத கம்பெனிக்குத் திரும்பி வரமாட்டார்கள். பக்கத்துத் தெருவிலேயே வேறு கம்பெனியில் சேர்ந்துவிடுவார்கள். லீவு முடிந்த திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு நீங்களே கேட்டில் போய் நில்லுங்கள். யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஊர்ப் பலகாரத்தோடு யார் வருகிறார்கள் என்றும் பாருங்கள். வராதவர்களுக்கு அன்று சாயங்காலமே போன் போட்டு, ஏன் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை இடைமறிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.